மைதானத்தை ஆட்டத்துக்கு விடுங்கள்

(எங்கள் ஊர்க் கால்பந்துப் போட்டியின் பரிசளிப்பு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்ட நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வட்டாட்சியர் ஐயா அவர்களே, கோப்பையை அன்பளிப்பாகத் தந்த நகைக்கடை அண்ணன் அவர்களே, மூன்று தலைமுறைக்குப் பந்து சொல்லிக்கொடுத்த எங்கள் டிரில் மாஸ்டர் ஐயா அவர்களே, வேலியோரம் நிற்கும் பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம். மாஸ்டர் ஐயாவுக்குப் பொன்னாடை போர்த்தியது இந்த மேடைக்கே மரியாதை.

மூன்று செய்தி சொல்ல வந்தேன். மைதானம் வந்த விதம், இதில் ஆடியவர்கள், கேலரி கட்டிய கதை. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். அதை நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1861-இல். பட்டாளத்துக்காரர்களும் ரயில்வேக்காரர்களும் மிஷன் பள்ளிகளும்தான் இந்த நாட்டில் பந்தை உருட்டிவிட்டார்கள். நம் தாத்தாமார்களுக்கு மைதானம் ஏது? ஐப்பசி, கார்த்திகையில் களிமண் காலை விடாது. தை அறுப்பு முடிந்தால் வயல்தான் மைதானம். நெல்தாள் உள்ளங்காலைக் குத்தும். அப்படியே ஆடினார்கள். பிறகுதான் பெரியவர்கள் இந்த மேட்டுநிலத்தைப் பந்துக்கென்று ஒதுக்கினார்கள்.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் இறங்கினார்கள். பிரான்ஸிடம் 2-1 என்று கடைசி நேரத்தில் தோற்றோம். நம்முடைய அந்த ஒரு கோல், ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கோல். போட்டவர் பெயர் சாரங்கபாணி ராமன். நம் கும்பகோணத்துப் பெருமாள் பெயர்! (கைதட்டல்)

இந்த மைதானத்தில் நடந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அப்போது தோல் பந்து, உள்ளே ரப்பர் பிளாடர், வாய்க்கு லேஸ். இறுதி ஆட்டம். பக்கத்து ஊர்க்காரர்கள் ஒரு கோல் முன்னால். கோடை மழையில் பந்து ஊறிக் கனத்துவிட்டது. எங்கள் ஆள் ஒருவர் விட்ட உதையில் பந்து கருவேல முள்ளில் போய்ச் செருகியது. ஊரில் வேறு பந்து கிடையாது. ரெஃப்ரி விசிலோடு முன்னால் போக, இருபத்திரண்டு பேரும், பார்க்க வந்த கூட்டமும் சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்கார பாய் பிளாடரை உருவி, தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிச் சுற்றினார். ஒரு மூலையில் குமிழ் வந்ததும் தெருவே “அதோ!” என்றது. தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதி ஊதிக் காயவைத்து ஒட்டுப் போட்டார். பம்பு அடித்தது எதிரணி கேப்டன். “பந்துக்குக் காசு வாங்க மாட்டேன் தம்பி” என்று பாய் சொல்லிவிட்டார். வந்து, இருட்டும் வரை ஆடினோம். ஒரு கோல் திருப்பினோம். கோப்பையை ஆளுக்கு ஆறு மாதம் வைத்துக்கொண்டோம்.

அன்று முள் குத்தியது பந்தை. இன்று பிள்ளைகள் காலில் குத்துவது பொருட்காட்சிக்காரர்கள் விட்டுப்போன ஆணி. பள்ளி விடுமுறையில், அவர்கள் ஆட வேண்டிய மாதத்தில், கோல் கம்பத்தடியில் ராட்டினத்துக்குக் குழி தோண்டுகிறார்கள். கொட்டிய ஜல்லியை அள்ளுவதில்லை. போன வருஷம் ஒரு பெண்பிள்ளைக்குக் குதிகாலில் தையல். 2018-இல் மணிப்பூரை வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் தேசியப் பட்டம் வாங்கினார்கள். இந்தியாவுக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். கொள்ளிடம் தாண்டினால் அவர் மாவட்டம். நம் பெண்ணும் அப்படி வர வேண்டாமா? சுவரைப் பொத்தலாக்கிவிட்டுச் சித்திரம் எங்கே என்று கேட்கலாமா?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேலரி கதை இன்னொரு நாள். தலைவர் அம்மா, பொருட்காட்சிக்குச் சந்தைத் திடல் இருக்கிறது. நகர்மன்றத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள். மனு மேடைக்கு இடப்பக்கம் மேஜையில் இருக்கிறது. முதல் கையெழுத்து மாஸ்டர் ஐயா போடுகிறார். வரிசையாக வாருங்கள்.