செம்புறாங்கல் பூமியில மேய்ச்சலுக்கு எந்த மாடு தாங்கும்?

தேவகோட்டைப் பக்கத்துல இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காங்க: "20 ஏக்கர் செம்புறாங்கல் தரிசு, பாதிக்கு மேல சீமைக்கருவேலம். வேலி போட்டுட்டேன். தீவனம் வாங்காம, மேய்ச்சலை மட்டும் நம்பி இறைச்சி மாடு வளர்க்கணும். பிராமன், காங்கேயம், புலிக்குளம், இதுல எது?"

அண்ணே, இனத்துக்கு முன்னாடி சட்டத்தைப் பார்த்துருவோம். தமிழ்நாட்டுல 1958 சட்டப்படி, 10 வயசு தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் ஆகாதுன்னோ, இல்ல காயம், ஊனம், தீராத நோயால நிரந்தரமா அதுக்கு ஆகாமப் போச்சுன்னோ சான்று இருந்தாத்தான் மாட்டை அறுக்க முடியும். பசுவுக்கும் கிடேரிக்கும் 1976 அரசாணைத் தடை வேற இருக்கு. வெளிநாட்டுல ரெண்டு வயசுல எடை போட்டு விக்கிற கணக்கு இங்க ஓடாது. கிடேரி, காளைக்கன்று விற்பனை, வயல்ல கிடை போடுற (ராத்திரி மாட்டை வயல்லயே அடைச்சு வைக்கிற) எரு, இதுதான் மாட்டுல வரவு. கறிக்குன்னே வளர்க்கணும்னா அதே வேலிக்குள்ள ராமநாதபுரம் வெள்ளைச் செம்மறியைச் சேர்த்துக்குங்க.

இப்ப தீவனக் கணக்கு. இந்த மண்ணுல, முள்ளு மூடின இடத்தையும் சேர்த்து, சராசரியா ஏக்கருக்கு வருஷம் ஒரு டன் காய்ந்த புல் வரும்னு வச்சுக்குவோம். அதுல பாதியைத்தான் மேய விடணும். மிச்சத்தையும் மேய விட்டா வேர் செத்து, அடுத்த வருஷம் ஊசிப்புல்தான் மிஞ்சும். ஆக உங்களுக்கு 10 டன். மாடு ஒரு நாளைக்குத் தன் எடையில ரெண்டரை சதவீதம் காய்ந்த தீவனம் தின்னும். 250 கிலோ பசுவுக்கு 6 கிலோ, வருஷத்துக்கு 2 டன்னுக்குக் கொஞ்சம் மேல. நாலு பசு தாங்கும். 450 கிலோ பசுன்னா வருஷம் 4 டன், ரெண்டுக்கு மேல தாங்காது. நாலு பசு நாலு கன்னு போடும், ரெண்டு பசு ரெண்டுதான். பெரிய உடம்பு இந்த நிலத்துக்கு நட்டம்.

பிராமன் நம்ம ஓங்கோல், கிர், காங்க்ரேஜ் மாடுகளை வச்சு அமெரிக்காவுல உருவாக்கினது. வெயில் தாங்கும், ஆனா அந்த உடம்புக்குப் புல் வேணும். காங்கேயம் அருமையான மாடு. ஆனா அது கொழுக்கட்டைப்புல் நிறைஞ்ச கொறங்காட்டுல (கொங்குப் பக்கத்து மேய்ச்சல் நிலத்துல), கிளுவை வேலிக்குள்ள வளர்ந்தது. உங்க பொட்டலுக்குப் புலிக்குளம்தான். மானாமதுரை பக்கத்து மாடு, சின்ன உடம்பு, கிடையிலேயே காலங்காலமா மேஞ்சு பழகினது. பால் கன்னுக்கு மட்டும்தான், அதை எதிர்பார்க்காதீங்க. மானாமதுரையில கால்நடைப் பல்கலைக்கழகத்தோட புலிக்குளம் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை போய் மாட்டைக் கண்ணால பாருங்க.

எப்ப வாங்குறதுங்கிறது எதை வாங்குறதுங்கிற அளவுக்கு முக்கியம். கார்த்திகையில எல்லா மாடும் பளபளன்னு இருக்கும், ஒண்ணும் தெரியாது. ஆனி, ஆடியில, புல் தீர்ந்து கிடக்கும்போது கிடைக்காரங்ககிட்ட போங்க. கன்னு பால் குடிச்சிக்கிட்டிருக்கிற பசுவுல, எதுக்கு விலா எலும்பு அதிகமாத் தெரியலையோ, அது முன்னாடி போட்ட கிடேரியைப் பிடிங்க. நிலைப்பல் ரெண்டோ நாலோ முளைச்ச வயசு போதும். குளம்பு கறுப்பா, கெட்டியா, விரியாம இருக்கணும், சரளைக்கல்லுல விரிஞ்ச குளம்பு சீக்கிரம் நொண்டும். சுழி பார்த்து நல்ல கிடேரியை விட்டுடாதீங்க. தவிடு, பருத்திக்கொட்டை தின்னு வளர்ந்ததை வாங்கினா, முதல் கோடையிலேயே உடைஞ்சிரும்.

கன்னு கார்த்திகையில விழணும், அப்பத்தான் தாய்க்குப் பச்சை கிடைக்கும். சினைக்காலம் ஒன்பதரை மாசம், அதனால தை கடைசி, மாசியில காளையோட சேர்த்துட்டு, அப்புறம் பிரிச்சிருங்க. வருஷம் முழுக்கக் காளை கூடவே நின்னா சித்திரையிலும் கன்னு விழும். தாய் இளைச்சுப்போய் அடுத்த வருஷம் சினைக்கு வராது. நாலு பசுவுக்குன்னு தனிக் காளை வளர்க்காதீங்க, கிடைக்காரங்ககிட்ட ரெண்டு மாசத்துக்குக் கேட்டு வாங்குங்க. மூணு வருஷத்துக்கு மேல அதே காளை வேண்டாம். அதோட மகள்களே பருவத்துக்கு வந்திருக்கும்.

சீமைக்கருவேல நெத்து கோடையில கைகொடுக்கும். ஆனா அதை மட்டும் தின்னா தாடை, நாக்கு பலம் குறைஞ்சு, மெல்ல முடியாம எச்சில் ஒழுக நிக்கும். நெத்தைப் பொறுக்கி, காய வச்சு, அரைச்சு, வைக்கோலோட கலந்து கொடுங்க. முழுசாத் தின்ன விட்டா விதை சாணத்துல வந்து, இருக்கிற மிச்ச புல்லையும் முள்ளு மூடிரும்.

இந்த மண்ணுல மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு. மாடு எலும்பு, துணியைக் கடிச்சா பெரும்பாலும் அதுதான் காரணம். தாது உப்புக் கலவை நாளைக்கு 30 கிராமாவது வைங்க, செத்த மாட்டு எலும்பு நிலத்துல கிடந்தா உடனே அப்புறப்படுத்துங்க. அதைக் கடிச்சா போட்டுலிசம்ங்கிற நச்சு வாத நோய் வந்து மாடு விழுந்துரும். கண்மாய்க் கரை ஈரத்துல மேய விட்டா தட்டைப்புழு வரும், மழைக்கு முன்னாடியும் பின்னாடியும் குடற்புழு மருந்து. கோமாரிக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஊசி, அதைத் தள்ளிப் போடாதீங்க அண்ணே.