வலது கைக்கு மூன்று வேலை: பழைய சாலை சைக்கிளில் ஷிஃப்டர் மாற்றிய கதை

வணக்கம். சிங்கப்பூரின் அங் மோ கியோவில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பேசுகிறேன். நடுநடுவே எம்ஆர்டி ரயில் போகும் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சைக்கிளை முன்பே பார்த்திருப்பீர்கள். 1990ஐ ஒட்டிய காலத்து ஜப்பானிய எஃகுச் சட்டம், பின்சக்கரத்தில் 7 பல்சக்கரங்கள், ஷிமானோ நிறுவனத்தின் ‘105’ வரிசைப் பாகங்கள். கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன். சட்டத்தின் கீழ்க் குழாயில் இருபக்கமும் சிறு குமிழ்கள் தெரிகின்றனவா? சுண்டுவிரல் நீளத்துக்கு இரண்டு நெம்புகோல்கள் அங்கேதான் இருந்தன. அவைதான் பழைய ஷிஃப்டர்கள். கியர் மாற்ற வேண்டுமென்றால் ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்து, குனிந்து, முழங்காலுக்குப் பக்கத்தில் துழாவ வேண்டியிருந்தது.

பூங்கா இணைப்புப் பாதையில் இது ஒரு குறையாகவே தெரியவில்லை. சாலையில்தான் விளங்கியது. சென்ற மாதம் அப்பர் தாம்சன் சாலையில் வலப்பக்கம் திரும்பும் தடத்துக்கு மாறினேன். பின்னால் லாரி. கை காட்ட வேண்டும், அது வலது கை. விளக்கு மஞ்சளாகிறது, பிரேக் பிடிக்க வேண்டும். என் வண்டியில் முன் பிரேக்கும் வலது கைக்குத்தான். நிற்பதற்குள் இலகுவான கியருக்கு வர வேண்டும். பின் கியரின் நெம்புகோலும் வலப்பக்கம். ஒரே கைக்கு ஒரே நேரத்தில் மூன்று வேலை. லாரி ஓட்டுநர் நிதானமானவர், எதுவும் நடக்கவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிரேக்கும் ஷிஃப்டரும் ஒரே லீவரில் இருக்கும் அமைப்புக்கு மாறுவது என்று முடிவு செய்தேன். ஷிமானோ இதை எஸ்டிஐ என்ற பெயரில் 1990இல் டூரா ஏஸ் வரிசையில் கொண்டுவந்தது. இத்தாலிய நிறுவனமான கம்பக்னோலோவின் இதே வகை அமைப்பான எர்கோபவர் 1992இல் வந்தது. என் சைக்கிள் சற்று முந்திப் பிறந்துவிட்டது, அவ்வளவுதான். இதனால் வேகம் கூடுமா என்று கேட்டால், கூடாது. கை பிரேக்கை விட்டு விலகாது. எனக்கு அது போதும்.

முதலில் ஒரு கடைக்குப் போனேன், பெயர் வேண்டாம். இவ்வளவு பழைய வண்டிக்குச் செலவு செய்யாதீர்கள், புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அளவுகோலைக்கூட எடுக்காமல் சொன்னதுதான் எனக்கு வருத்தம். சட்டம் நேராக இருக்கிறது, பற்றவைத்த இடங்களில் விரிசல் இல்லை, துரு உள்ளே இறங்கவில்லை. இதைக் குப்பைக்கு அனுப்ப எனக்கு மனம் வராது.

பாகம் வாங்குவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். பின்னால் எத்தனை பல்சக்கரங்கள் என்று எண்ணுங்கள். பிறகு பின்சக்கரத்தைக் கழற்றி, அச்சு உட்காரும் இரு தகடுகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். என்னுடையது 126 மில்லிமீட்டர். 8 கியரும் அதற்கு மேலும் உள்ள, சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக் கொண்ட சாலை சைக்கிள்களுக்கு 130 வேண்டும். எஃகுச் சட்டத்தை அறிந்தவர் கையில் கொடுத்து 4 மில்லிமீட்டர் விரிக்கலாம். அலுமினியத்திலும் கார்பனிலும் அதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள், உடைந்துவிடும்.

நான் விரிக்கவில்லை. சக்கரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, 8 கியர் ஷிஃப்டரை 7 பல்சக்கரத்துக்குப் பயன்படுத்தினேன். இது எப்படிப் பொருந்தும்? 7 கியர் தொகுப்பில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 5 மில்லிமீட்டர் இடைவெளி. 8 கியரில் 4.8. ஒரு படிக்கு 0.2 தான் வித்தியாசம். ஆறு படிகளுக்கும் சேர்த்து 1.2. நடுவில் இருக்கும் நான்காவது பல்சக்கரத்துக்குச் சரியாக வைத்துவிட்டால், இரு ஓரங்களிலும் 0.6 மில்லிமீட்டர் பிசகு மட்டுமே மிஞ்சும். சங்கிலியை நகர்த்தும் டிரெய்லியர் இருக்கிறதல்லவா, அதன் மேல் உருளையை விரலால் பிடித்து அசைக்கிறேன், பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுகிறது. தேய்மானம் இல்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். அந்தப் பிசகை இந்த ஆட்டம் விழுங்கிவிடும். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

ஓர் எச்சரிக்கை. உங்கள் டிரெய்லியர் 7400 வரிசை டூரா ஏஸ் என்றால் இந்தக் கணக்கு செல்லாது. ஷிஃப்டர் கம்பியை இழுக்கும்போது அது நகரும் அளவே வேறு.

ஷிஃப்டரைக் கரோசல் என்ற, பழைய பொருள்கள் விற்கும் இணையதளத்தில் பார்த்து வாங்கினேன். பழைய 8 கியர் ஜோடி, கம்பி பக்கவாட்டில் வெளியே வரும் வகை, 40 வெள்ளி. வலது ஷிஃப்டர் வேலை செய்யவில்லை என்று விற்றவரே எழுதியிருந்தார். அதற்காகவே வாங்கினேன். இந்தக் கால ஷிஃப்டர்கள் பெரும்பாலும் உடைவதில்லை. உள்ளே இருக்கும் கிரீஸ் பல ஆண்டுகளில் காய்ந்து பசையாகிவிடுகிறது. பல்லைக் கவ்வ வேண்டிய சிறு கொக்கிகள் அந்தப் பசையில் ஒட்டிக்கொள்கின்றன. லீவரைத் தள்ளினால் காற்றில் தள்ளுவதுபோல் இருக்கும். கிரீஸ் கரைக்கும் திரவத்தை உள்ளே தெளித்து, தள்ளி, வடியவிட்டு, மறுபடியும் தெளித்தேன். இரண்டு மாலைகள் ஆயின. முதலில் பழுப்பு நிறத்தில் சாறு வடிந்தது. இரண்டாம் நாள் ஒரு ‘டிக்’ கேட்டது. பிறகு எட்டு கியர்களுக்கு இடையே இருக்க வேண்டிய ஏழு ‘டிக்’கும் வரிசையாகக் கேட்டன. நன்றாக உலரவிட்டு மெல்லிய எண்ணெய் விட்டேன்.

இனி ஹேண்டில்பார் நாடா. நம் ஊரில் ஓட்டுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனியுங்கள். ஆண்டு முழுவதும் நமக்கு வியர்வை. அந்த உப்பு நாடாவுக்குள் இறங்கி அலுமினியத்தை அரிக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நான் நாடாவைப் பிரித்தபோது வெள்ளைப் பொடி கொட்டியது. துடைத்துப் பார்த்தேன், லீவர் பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஊசி நுழையும் அளவுக்குக் குழிகள். அந்த ஹேண்டில்பாரை அங்கேயே ஒதுக்கிவிட்டேன். ஷிஃப்டருக்குப் பணம் இல்லாமல் போனாலும் பரவாயில்லை, நாடாவை மட்டுமாவது பிரித்துப் பாருங்கள். உங்கள் உடல் எடை முழுவதும் சாய்வது அதன் மேல்தான்.

பழைய நெம்புகோல்கள் இருந்த குமிழ்களில், கம்பி உறையைத் தாங்கும் சிறு தாங்கிகளைத் திருகினேன். முறுக்கிச் சரிசெய்யும் திருகு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். உறையின் நீளத்தை அளக்கும்போது ஹேண்டில்பாரை இருபக்கமும் முழுவதும் திருப்பிப் பாருங்கள், இழுபடக் கூடாது.

கியர் உறையும் பிரேக் உறையும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், ஆனால் ஒன்றல்ல. கியர் உறைக்குள் இழைகள் நீளவாக்கில் ஓடுகின்றன. அதனால் அது சுருங்காது, கியர் துல்லியமாக விழும். பிரேக் உறையில் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும், அழுத்தத்தைத் தாங்கும். மிச்சம் இருக்கிறதே என்று கியர் உறையைப் பிரேக்குக்குப் போட்டுவிடாதீர்கள். பலமாகப் பிடிக்கும்போது அது பிளந்துபோகலாம். அந்த நொடியில் உங்களுக்குப் பிரேக் இருக்காது.

கம்பியைப் பூட்டும்போது ஒரு சின்ன நுணுக்கம். 8 கியர் ஷிஃப்டரில் நமக்கு ஒரு ‘டிக்’ மிச்சம். அதைச் சிறிய பல்சக்கரத்தின் பக்கம் விட்டேன். அதாவது கம்பி முழுவதும் தளர்ந்த நிலையிலிருந்து ஒரு ‘டிக்’ தள்ளி வைத்து, சங்கிலி மிகச் சிறிய பல்சக்கரத்தில் இருக்கும்போது கம்பியை இழுத்து முறுக்கினேன். மிச்சத்தைப் பெரிய பல்சக்கரத்தின் பக்கம் விட்டால், பழக்கத்தில் ஒரு முறை கூடுதலாகத் தள்ளிக் கம்பியை வதைப்போம். பிறகு நான்காவது பல்சக்கரத்தில் நிறுத்தி, மிதியைச் சுற்றிக்கொண்டே திருகைச் சரிசெய்தேன். பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் இடஞ்சுழியாகக் கால் சுற்று, இறங்கத் தயங்கினால் வலஞ்சுழியாகக் கால் சுற்று. ஒரே மூச்சில் அதற்குமேல் திருப்பாதீர்கள்.

ஓட்டிப் பார்க்கப் பழைய அப்பர் தாம்சன் சாலைக்குப் போனேன். 1961 முதல் 1973 வரை சிங்கப்பூர் கிராண்ட் பிரி கார்ப் பந்தயம் நடந்த பாதை அது. இப்போது அங்கே குரங்குகள்தான் அதிகம். வளைவும் ஏற்றமும் மாறி மாறி வருவதால் கியர் சோதிக்க நல்ல இடம். ஏற்றத்தில் பிரேக் லீவரை விரலால் உள்பக்கம் தள்ளினேன், சங்கிலி பெரிய பல்சக்கரத்துக்கு ஏறியது. அதன் பின்னால் இருக்கும் சின்ன லீவரைத் தள்ளினேன், இறங்கியது. ஒரு வளைவில் இரண்டு குரங்குகள் நடுச்சாலையில் உட்கார்ந்திருந்தன. பிரேக் பிடித்தபடியே கியரையும் குறைத்தேன். இரண்டு கைகளும் ஹேண்டில்பாரிலேயே இருந்தன.

இரண்டாவது பல்சக்கரத்தில் மட்டும் மெல்லிய உரசல் கேட்கிறது. மிதியைச் சுற்றுகிறேன், கேளுங்கள். உறைகள் தாங்கிக்குள் சரியாக அமர இன்னும் சில சுற்று ஓட்ட வேண்டும், அதன் பிறகு திருகைத் தொடுகிறேன். இன்று மாலை மழை இல்லையென்றால் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா வரை போய்வருவேன்.