நானே அனுப்பிய படம்தான், புகார் கொடுக்க முடியுமா?

அடுத்த கேள்வி சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு தங்கச்சி. பழகிப் பிரிந்தவர், "நீ திரும்பி வரலைன்னா அந்தப் படத்தை உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடுவேன்" என்று மிரட்டுகிறாராம். அந்தரங்கப் படம். நானேதான் அனுப்பினேன், அவர் இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை, எந்த முகத்தோடு போலீசுக்குப் போவது என்று கேட்கிறார்.

தாராளமாகப் போங்கள். நீங்கள் அவரை நம்பி அனுப்பினீர்கள், ஊருக்குக் காட்டச் சொல்லி அனுப்பவில்லை. சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்தில் 377பிஇ என்று ஒரு பிரிவு 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது, அதன்படி சம்மதமில்லாமல் இப்படிப்பட்ட படத்தைப் பரப்புவதும் குற்றம், பரப்புவேன் என்று மிரட்டுவதும் குற்றம். 5 ஆண்டு வரை சிறை, அபராதம், பிரம்படிகூட உண்டு. முகத்தை ஒட்டிச் செய்த போலிப் படமாக இருந்தாலும் இதே பிரிவுதான். அதனால் அவர் அனுப்பட்டும் என்று காத்திருக்க வேண்டியதே இல்லை.

இப்போது கோபத்தில் பலர் செய்வது, அந்த உரையாடலையே அழித்துவிட்டு அவரை பிளாக் செய்வது. தயவுசெய்து அழிக்காதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள், அவர் எண்ணை ஏதாவது செல்லப்பெயரில் சேமித்திருந்தால் படத்தில் அந்தப் பெயர் மட்டும்தான் தெரியும், ஆகவே பெயரைத் தொட்டு உள்ளே போய் எண் தெரிகிற பக்கத்தையும் எடுங்கள், தேதி, நேரத்தோடு. தானாக மறையும் செய்தி வசதி ஓடிக்கொண்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், ஒருமுறை கொடுத்தால் மறுபடியும் கேட்பார்.

அப்புறம், பாதுகாப்பு ஆணை, அதாவது அவர் உங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நீதிமன்றம் போடும் உத்தரவு. துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் 2021 ஜூனிலிருந்து இதற்கென்றே தனி நீதிமன்றம் இருக்கிறது. அவசரம் என்றால் வழக்கு முடியும்வரை காத்திருக்காமல் இடைக்கால ஆணை கேட்கலாம். படம் ஏற்கெனவே வெளியே போயிருந்தால், அல்லது போய்விடுமோ என்று பயமிருந்தால், ஸ்டாப்என்சிஐஐ என்ற இலவசச் சேவை இருக்கிறது, 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. படம் உங்கள் கைப்பேசியை விட்டு எங்கும் போகாது, அதன் கைரேகை மாதிரியான ஒரு குறியீடு மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டாக் போன்ற தளங்களுக்குப் போகும், அதை வைத்து அவர்கள் தடுப்பார்கள்.

அம்மா அப்பாவுக்குத் தெரிந்துவிடுமோ, பெயர் பேப்பரில் வருமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாலியல் குற்றத்தில் புகார் கொடுத்தவரின் அடையாளத்தை வெளியிடச் சட்டமே தடை போடுகிறது. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் அவேர் என்ற பெண்கள் அமைப்பின் பாலியல் தாக்குதல் பராமரிப்பு நிலையத்தை முதலில் கூப்பிடுங்கள், முடிவு எடுக்கும் முன்பே பேசலாம்.