ஜூன் வேர்வையிலயும் மீசை நிக்கணும்: ட்ராக் கிங் மேடைக்குத் தயாராகுறது எப்படி

வணக்கம் மக்களே! ஜூன் வந்தாச்சு. சென்னையில இந்த மாசத்தோட கடைசி ஞாயிறு வானவில் பேரணி, அதாவது LGBTQ+ மக்களோட சுயமரியாதைப் பேரணி. 2009-ல ஆரம்பிச்சது. அதை ஒட்டி சின்ன ஹால், கஃபே, மொட்டை மாடின்னு அங்கங்க கலைநிகழ்ச்சி நடக்கும். ட்ராக்னு சொன்னதும் பெரும்பாலானவங்களுக்கு ட்ராக் குயின்தான் ஞாபகம் வரும். இன்னைக்குப் பேசப் போறது ட்ராக் கிங் பத்தி. ஆண்மையை ஒரு வேஷமா கட்டி மேடையில ஆடுற கலை. முதல் தடவை மேடை ஏறப் போறவங்களுக்காகவே இந்த வீடியோ.

முதல்லயே ஒண்ணு தெளிவா சொல்லிடுறேன். ட்ராக் கிங்கும் திருநம்பியும் ஒண்ணு இல்ல. பிறந்தப்போ பெண்ணுன்னு சொல்லப்பட்டு, ஆணா வாழுறவர் திருநம்பி. அது அவரோட அடையாளம், இருபத்திநாலு மணி நேரமும் அவர் அவர்தான். ட்ராக் கிங் மேடையில கட்டுற வேஷம். அதை ஒரு லெஸ்பியன் கட்டலாம், திருநம்பி கட்டலாம், பாலினத்துக்குள்ள அடங்காதவங்க கட்டலாம், யாரும் கட்டலாம். மேடையை விட்டு இறங்கினதும் அவங்களை எப்படிக் கூப்பிடணும்னு அவங்களையே கேட்டுக்கோங்க.

இது எங்கேயோ இருந்து இறக்குமதி ஆனதுன்னு யாராவது சொன்னா, நம்ம நாடக மேடையைக் காட்டுங்க. கும்பகோணத்துல பாலாமணி அம்மாளோட நாடகக் கம்பெனியில எல்லா வேஷத்தையும் பெண்களே கட்டினாங்க. 1935-ல திரையில நந்தனாரா வந்தது கே.பி. சுந்தராம்பாள். 1941-ல நாரதரா வந்தது எம்.எஸ். சுப்புலட்சுமி. அமெரிக்காவுல ஸ்டோர்மே டெலார்வரிங்கிற பாடகி 1955-லேர்ந்து 1969 வரைக்கும் ஜுவல் பாக்ஸ் ரெவ்யூங்கிற குழுவை மேடையில தொகுத்து நடத்தினாங்க. சுத்தி எல்லாரும் பெண் வேஷம் கட்டின ஆண்கள், நடுவுல கோட்டு சூட்டோட இவங்க. நம்ம ராஜபார்ட்டுக்கு அங்க ஒரு சொந்தம்னு வைச்சுக்கோங்க.

சரி, வேலைக்கு வருவோம். சென்னை ஜூன்ல முதல் எதிரி வேர்வை. வெளிநாட்டு வீடியோ பார்த்து அப்படியே செஞ்சவங்களுக்கு இங்க மீசை கழண்டு விழுறது அதனாலதான். அதனால நான் சொல்றது எல்லாமே வேர்வையைக் கணக்குல வைச்சுத்தான்.

மார்பைத் தட்டையாக்குறதுல ஆரம்பிக்கலாம். இதுல தப்பு பண்ணினா மேக்கப் கெடுறதோட நிக்காது, உடம்பு கெட்டுடும். கால் சுளுக்குக்குச் சுத்துற கிரேப் பேண்டேஜ் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு தடவை மூச்சு விடும்போதும் அது இன்னும் கொஞ்சம் இறுகும், விலா எலும்பை அமுக்கும். பார்சல் ஒட்டுற டேப்பும் கூடாது, எடுக்கும்போது தோலோட வரும். இதுக்குன்னே தைச்ச இறுக்கமான உள்சட்டை கிடைக்குது, பேரு பைண்டர். மார்போட சுத்தளவை எடுத்து, விக்கிறவங்க கொடுக்குற அளவு அட்டவணையைப் பார்த்து வாங்குங்க. ஒரு சைஸ் சின்னதா வாங்கினா இன்னும் தட்டையா வரும்னு நினைக்காதீங்க. அது ஓரத்துல சதையைப் பிதுக்கும், சட்டைக்கு மேலேயே தெரியும். போட்டதும் ஆழமா மூச்சு இழுத்துப் பாருங்க, கையைத் தூக்கிப் பாருங்க. ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் உச்ச வரம்பு, பஸ்ல வர்ற நேரமும் அதுல சேர்த்திதான். போட்டுட்டுத் தூங்கக் கூடாது. விரல் மரத்துப் போனாலோ, நெஞ்சு குத்தினாலோ, மூச்சு திணறினாலோ அந்த நிமிஷமே கழட்டிடுங்க. மேடை காத்திருக்கட்டும்.

சட்டை பட்டனைத் திறந்து விடுற வேஷம்னா டேப்தான் வழி. விளையாட்டு வீரர்கள் தசைக்கு ஒட்டுற கினிசியாலஜி டேப், மருந்துக் கடையில கிடைக்கும். முந்தின நாளே ஒரு சின்னத் துண்டை விலா பக்கம் ஒட்டி 24 மணி நேரம் பாருங்க. அரிப்போ சிவப்போ வந்தா அந்த டேப் உங்களுக்கு ஆகாது. ஒட்டுறதுக்கு முன்னாடி சோப்பு போட்டுக் கழுவி, நல்லா துடைச்சு, ஃபேன்ல கால் மணி நேரம் காயுங்க. எண்ணெய், லோஷன், பவுடர் எதுவும் அங்க இருக்கக் கூடாது. முலைக்காம்பு மேல ஒரு துண்டு காஸ் துணி வைங்க. டேப்போட முனைகளைக் கத்தரியால வட்டமா வெட்டிக்கோங்க, கூர் முனைதான் முதல்ல தூக்கும். இப்போ மார்பை அக்குள் பக்கமா தள்ளி ஒட்டணும். நடுப்பகுதியை மட்டும் இழுங்க. ரெண்டு முனையிலயும் 4 செ.மீ. அளவுக்கு இழுக்காம சும்மா படிய விடுங்க. முனையை இழுத்து ஒட்டினா, அது திரும்பச் சுருங்கப் பார்க்கும், கூடவே தோலையும் இழுக்கும், கொப்புளம் வர்றது அங்கதான். உடம்பைச் சுத்தி முழு வட்டமா ஒட்டவே கூடாது, மூச்சுக்கு இடம் இருக்காது. ஒட்டின பிறகு உள்ளங்கையால நல்லா தேய்ச்சு சூடேத்துங்க. பசை பிடிக்க ஒரு மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் வேர்க்க விடாதீங்க.

முகம். மேடை 7 மணின்னா 4.30-க்கு கண்ணாடி முன்னாடி உட்கார்ந்தாகணும். ஃபவுண்டேஷனை மெல்லிசா போடுங்க. ஆனா மீசை, தாடி ஒட்டப் போற இடத்துல போடாதீங்க. புதுசா செய்றவங்க அதிகமா பண்ற தப்பு இதுதான். ஃபவுண்டேஷன் மேல பசை தடவினா, பசை பிடிக்கிறது ஃபவுண்டேஷனைத்தான். அது வேர்வையில கரைஞ்சதும் மீசையும் கூடவே வந்துடும்.

நிழல் போடுறதுக்கு உங்க தோலைவிட ரெண்டு ஷேடு அடர்த்தியான பழுப்பு எடுங்க. மினுமினுப்பு இருக்கக் கூடாது, ஆரஞ்சும் அடிக்கக் கூடாது. வெள்ளைத் தோலுக்குன்னு விக்கிற சாம்பல் நிறப் பவுடர் நம்ம தோல்ல விபூதி பூசின மாதிரி நிக்கும். கன்னத்து நிழல் காதுகிட்ட ஆரம்பிச்சு வாய் ஓரத்தைப் பார்த்து நேரா இறங்கணும். கல்யாண மேக்கப்ல போடுற மாதிரி மேல தூக்கினா முகம் உடனே பெண் சாயலுக்குப் போயிடும். காதுக்குக் கீழ தாடை திரும்புற மூலையை அழுத்தமா காட்டுங்க. முகவாயில ரெண்டு பக்கமும் ஒரு பொட்டு வெளிர் நிறம் வைச்சா அகலமா தெரியும். மூக்குக் கோடு ரெண்டையும் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போடுங்க. புருவத்தை மேல் நோக்கிச் சீவி, சின்னச் சின்னக் கோடா நிரப்புங்க. உதட்டுல லேசா ஃபவுண்டேஷன் ஒத்தினா நிறம் அடங்கிடும். முடிச்சதும் ஃபோனை 3 மீட்டர் தள்ளி வைச்சு, மஞ்சள் விளக்குல ஃபிளாஷ் இல்லாம ஒரு படம் எடுத்துப் பாருங்க. கிட்ட நின்னு பார்க்கும்போது அதிகமா தெரியுறது அங்க சரியா இருக்கும்.

அப்புறம் கிருதா. மீசைக்கு ஒரு மணி நேரம் செலவழிச்சுட்டு கிருதாவை மறந்துட்டு வர்றவங்க நிறைய பேர். பக்கவாட்டுல திரும்பினதும் வேஷம் கலையுறது அதனாலதான். காதுக்கு முன்னாடி ரெண்டு விரல் நீளத்துக்கு ஐப்ரோ பென்சிலால முடி முடியா வரைஞ்சாலே போதும்.

இப்போ மீசை தாடி. சின்னதா முளைச்ச தாடிதான் வேணும்னா பசையே வேண்டாம். பாத்திரம் தேய்க்கிற புது நார் ஸ்பாஞ்சுல ஒரு சின்னத் துண்டு வெட்டுங்க. அடர் பழுப்பு க்ரீமோட துளி கறுப்பு கலந்து, முதல்ல புறங்கையில தட்டி அதிகமானதை எடுத்துட்டு, அப்புறம் தாடையில ஒத்துங்க. தேய்க்கக் கூடாது. வெறும் கறுப்பு போட்டா கரி அப்பின மாதிரி இருக்கும்.

முழு தாடிக்கு கிரேப் முடி வேணும். கோடம்பாக்கம், வடபழனி பக்கம் சினிமா மேக்கப் சாமான் விக்கிற கடைகள்ல கேளுங்க. பின்னல் பின்னலா வரும், சுருண்டிருக்கும். தண்ணியில நனைச்சு இழுத்துக் கட்டி ராத்திரி முழுக்கக் காய வைச்சா நேராகும். ரெண்டு நிறம் கலந்து வைச்சுக்கோங்க, ஒரே நிறமா இருந்தா பொம்மைத் தாடி மாதிரி தெரியும். ஒட்டுறதுக்கு ஸ்பிரிட் கம். இதையும் முந்தின நாளே தாடைக்குக் கீழ தடவிச் சோதிச்சுடுங்க. ஒட்டப் போற இடத்தை சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால துடைச்சு, கம்மை மெல்லிசா ஒரு பூச்சு கொடுங்க. உடனே முடியை வைக்காதீங்க. விரலால தட்டித் தட்டிப் பாருங்க, நூல் மாதிரி இழுபட ஆரம்பிக்கும், அதுதான் பதம். ஓலைக் கூரை வேயுற முறை தெரியும்ல? கீழ் வரிசை முதல்ல, அதுக்கு மேல அடுத்தது. அதே மாதிரிதான். முகவாய்க்கு அடியில ஆரம்பிச்சு மேல மேல வாங்க, கடைசியில கிருதாவோட சேருங்க. மீசையை வாய் ஓரத்துலேர்ந்து நடுவைப் பார்த்து ஒட்டணும். ஈரத்துணியால ஒத்தி அமுக்கி, அஞ்சு நிமிஷம் கழிச்சு சீப்பால மெதுவா சீவுங்க. உதிர வேண்டிய முடி இப்பவே உதிரட்டும். அதுக்குப் பிறகுதான் கத்தரி.

ரெடிமேட் ஒட்டு மீசை வாங்கினா நடுவுல வெட்டி ரெண்டு துண்டா ஒட்டுங்க. பாடும்போது மேலுதடு விரியும். ஒரே துண்டா இருந்தா ஓரம் தூக்கிடும். உதட்டு விளிம்புலேர்ந்து 2 மி.மீ. விட்டு ஒட்டுங்க. மேலுதட்டுல ரொம்ப வேர்க்கிறவங்க ப்ரோஸ்-எய்டு மாதிரி தண்ணியில கரைச்ச அக்ரிலிக் பசை வாங்கலாம். பால் மாதிரி வெள்ளையா இருக்கும், காய்ஞ்சதும் கண்ணாடி மாதிரி ஆகும். வெள்ளை போறதுக்கு முன்னாடி ஒட்டினா நிக்காது.

மீசையோட வடிவத்தைப் பத்தி ஒரு வார்த்தை. முறுக்கு மீசைக்கு நம்ம ஊர்ல சாதிப் பெருமையோட அர்த்தம் ஒண்ணு ஏறி உட்கார்ந்திருக்கு. ஸ்டைலா இருக்கேன்னு எடுத்துடாதீங்க. பார்வையாளர்கள்ல அந்த மீசைக்குப் பயந்து வளர்ந்தவங்க இருப்பாங்க. அதைக் கேள்வி கேட்குறதுக்காகக் கட்டுறீங்கன்னா, அது பாட்டுலயும் அசைவுலயும் தெரியணும்.

உடைக்கு வேட்டி மாதிரி வசதி வேற இல்ல. இடுப்பு வளைவு தெரியாம இருக்க, வேட்டிக்கு உள்ள ஒரு துண்டை மடிச்சு இடுப்புல சுத்துங்க, அது பள்ளத்தை நிரப்பிடும். கட்டு தொப்புளுக்குக் கீழ நிக்கட்டும். மடிச்சுக் கட்டுறது மேடையில ஒரு பெரிய தருணம், பாட்டுல தாளம் மாறுற இடத்துக்கு அதை வைங்க. அதுக்கு 4 முழ வேட்டி போதும், 8 முழம் கையில சிக்கும். உள்ள அரைக்கால் டிரவுசர், மேல பெல்ட், ரெண்டும் கட்டாயம்.

ஆனா ஆளைக் கொண்டு வர்றது நடைதான். யாரைக் காட்டப் போறீங்கன்னு முடிவு பண்ணிட்டு அவங்க கையைப் பாருங்க. பஸ் கண்டக்டர் ரூபாய் நோட்டை நீளவாக்குல மடிச்சு விரல் இடுக்குல வைச்சிருப்பார், ஓடுற பஸ்ல கம்பியைப் பிடிக்காம இடுப்பைச் சாய்ச்சு நிப்பார். அந்த ரெண்டு மட்டும் சரியா வந்தா வசனமே வேண்டாம். பொதுவா பாதத்தைத் தோள் அகலத்துக்கு வைச்சு, எடையைக் குதிகால்ல போட்டு நடந்து பழகுங்க. இடுப்பு அடங்கும், தோள் பேசும்.

பாட்டை மூணு மூணரை நிமிஷத்துக்கு வெட்டிக்கோங்க. வாயசைப்புல ப, ம ரெண்டுக்கும் உதடு மூடியே ஆகணும். கடைசி வரிசையில இருக்கவங்களுக்குத் தெரியுற எழுத்து அதுதான், அதை விட்டா குட்டு உடைஞ்சிடும். பாடகர் மூச்சு இழுக்குற இடத்துல நீங்களும் இழுங்க. ஃபைலை ஃபோன்லயும் பென் டிரைவ்லயும் வைச்சுக்கோங்க.

அன்பளிப்புக்கு ஒரு உண்டியல் வைக்கச் சொல்லி ஏற்பாட்டாளர்கள்கிட்ட முன்னாடியே பேசிடுங்க. சட்டையில நோட்டைக் குத்துற பழக்கம் நாடக மேடையில உண்டு. ஆனா டேப் ஒட்டின மார்புல யாரும் கை வைக்கக் கூடாது.

பேரணி அன்னைக்கு பைண்டர் போட்டு நடக்காதீங்க. தளர்வான ஸ்போர்ட்ஸ் பிரா, மேல தொளதொளன்னு ஒரு சட்டை, அதுவே போதும். சாயங்காலம் மேடை இருந்தா, நடந்து முடிச்சு, உடம்பைத் துடைச்சு, ஆறின பிறகு டேப் ஒட்டுங்க. தாகம் எடுக்குறதுக்கு முன்னாடியே மோரோ ஓ.ஆர்.எஸ்ஸோ குடிச்சுக்கிட்டே இருங்க. அங்க வர்ற எல்லாரும் வீட்டுல சொல்லிட்டு வந்தவங்க இல்ல. படம் எடுக்குறதுக்கு முன்னாடி கேளுங்க, போடுறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை கேளுங்க. பின்னாடி நிக்கிறவங்க முகத்தையும் பார்த்து மறைச்சுட்டுப் போடுங்க.

வேஷம் கட்டுறதும் கலைக்குறதும் நிகழ்ச்சி நடக்குற இடத்துலயே இருக்கட்டும். பைக்குள்ள வேற சட்டை, ரிமூவர், பஞ்சு, துண்டு. ஸ்பிரிட் கம்மை அதோட ரிமூவர் நனைச்ச பஞ்சால ஓரத்துலேர்ந்து ஒத்தி ஒத்தி எடுங்க, ஒரு நிமிஷம் ஊறினா தானா வரும். டேப் மேல தேங்காய் எண்ணெய் தாராளமா தடவி 15 நிமிஷம் விட்டு, முடி வளர்ற திசையில உரிங்க. ஒட்டு மீசையோட வலையில இருக்குற பசையை ரிமூவர்ல கழுவி, அது வந்த அட்டையிலயே திரும்பக் குத்தி, நிழல்ல காய வைங்க.