கதவை வெட்டாத பூட்டு

நேயர்களுக்கு வணக்கம். பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் கழற்றிப் போடுவது, கதவின் உட்பக்கம் பெட்டி போலத் துருத்திக்கொண்டிருக்கும் இரும்புப் பூட்டைத்தான். ரிம் லாக் என்பார்கள். அதைக் கழற்றாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே வந்திருக்கிறேன்.

காரணம் மரத்தில் இருக்கிறது. இன்று வழக்கத்திலுள்ள மார்ட்டிஸ் பூட்டுக்குக் கதவின் விளிம்பில் ஆழமாகக் குழி வெட்ட வேண்டும். பழைய கதவுகளில் பெரும்பாலும் அந்த உயரத்தில்தான் குறுக்குச்சட்டம் நெடுஞ்சட்டத்துக்குள் செருகியிருக்கும். உளி அங்கே இறங்கினால் மூட்டே பலமிழக்கும். கதவு மெல்லியதாக இருந்தால் குழிக்கு இருபுறமும் மரமே மிஞ்சாது. ரிம் லாக்குக்கு அந்தக் குழி வேண்டாம். சாவிக்கும் கைப்பிடித் தண்டுக்கும் துளை போட்டு, பெட்டியைத் திருகாணியால் இறுக்கினால் சரி. எதிரே நிலையில் இன்னொரு சிறு பெட்டி. பூட்டின் நாக்கு அதற்குள் போய் உட்காரும்.

இங்கிலாந்தில் வில்லன்ஹால் என்ற ஊரே பூட்டுத் தொழிலுக்குப் பேர்போனது. அவ்வூர்க்காரர் ஜேம்ஸ் கார்ப்பெண்டர் 1830இல் ஒரு ரிம் லாக்குக்குக் காப்புரிமை வாங்கினார். மற்றப் பூட்டுகளில் நாக்கு பக்கவாட்டில் உள்ளே போகும். இவருடையதில் குமிழைத் திருப்பினால் நாக்கு மேலே எழும்பும். கதவைத் தள்ளிச் சாத்தினால் தானாகவே ஏறி, பள்ளத்தில் விழும். அமெரிக்காவின் பழைய வீடுகளில்கூட அந்தப் பூட்டுகளைப் பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு அது.

வாசல் கதவுக்கு இது மட்டும் போதுமா? போதாது. பழையவற்றில் பல, வேறு சாவி திரும்பாமல் தடுக்க உள்ளே வெறும் தடைத் தகடு வைத்தவை. வளைத்த கம்பியாலேயே திறந்துவிடலாம். படுக்கையறை, சமையலறை, குளியலறைக் கதவுகளுக்குத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் கூடவே நல்ல பூட்டு ஒன்று வேண்டும். நைட் லாட்ச் என்கிற தானே பூட்டிக்கொள்ளும் பூட்டும் உட்பக்கம் மேலேயே பொருத்துவதுதான், அதனால் அதற்கும் விளிம்பில் ஆழமாகக் குழி வெட்ட வேண்டியதில்லை. ஆனால் கதவு சாத்தியதும் பூட்டிக்கொள்ளும். சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

அப்புறம், பூட்டு இறுகிவிட்டால் பெரும்பாலும் வண்ணப்பூச்சும் காய்ந்த எண்ணெயும்தான் காரணம். மூடியைத் திறந்து சுத்தம் செய்து, எண்ணெய்க்குப் பதில் கிராஃபைட் தூள் போடுங்கள். உள்ளே ஸ்பிரிங் உடைந்திருந்தால் பூட்டு வேலை தெரிந்தவர் புதிது வைத்துத் தருவார். நிலைப் பெட்டியின் திருகாணிகளையும் பாருங்கள். ஓங்கி உதைத்தால் முதலில் பிடுங்கிக்கொள்வது அதுதான்; குட்டையானவற்றை எடுத்துவிட்டு, நிலைக்குள் ஆழமாக இறங்கும் நீளத் திருகாணி போடச் சொல்லுங்கள்.