முதல் பாடம் வீட்டு பீரோவில்

நேயர்களுக்கு வணக்கம். நிதி ஆலோசகராக வேண்டும், என்ன படிக்கலாம் என்று கேட்டு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: வீட்டு பீரோவைத் திறந்து அப்பாவின் பாலிசிப் பத்திரங்களை வெளியே எடுங்கள்.

வருடம் 25,000 ரூபாய் வீதம் 20 வருடம் கட்டிய ஒரு பாலிசி, கடைசியில் 9 லட்சம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டியது 5 லட்சம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்றுதான் வீட்டில் பேசிக்கொள்வார்கள். எக்செலில் போட்டுப் பார்த்தால் ஆண்டு வருமானம் சுமார் 5.3 சதவீதம்தான் வரும். சரி, இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். அதை அப்பாவிடம் அவர் மனம் நோகாமல் சொல்வதற்குத்தான் நாள் பிடிக்கும். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அல்லவா அது.

அப்புறம் தேர்வுகள். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர், அதாவது ஃபண்டுகளை விற்றுக் கொடுப்பவர் ஆக, பங்குச் சந்தைப் படிப்புகளுக்கான என்ஐஎஸ்எம் நிறுவனம் நடத்தும் 5-ஏ தேர்வில் 50 சதவீதம் எடுத்து, ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியிடம் ஏஆர்என் என்ற பதிவு எண் வாங்க வேண்டும். இதில் வருமானம், ஃபண்ட் நிறுவனம் கொடுக்கும் கமிஷன். இன்னொரு வழி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் 2013 விதிகளின்படி முதலீட்டு ஆலோசகராகப் பதிவு செய்வது. அதற்குப் பட்டம் வேண்டும். என்ஐஎஸ்எம்மின் 10-ஏ, 10-பி தேர்வுகள் இரண்டிலும் தலா 60 சதவீதம் வேண்டும். இவர் வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கலாம். அவருக்குப் பரிந்துரைக்கும் திட்டத்துக்குக் கமிஷன் வாங்கக் கூடாது.

நான் இரண்டாவது வழியில் வந்தவள். அப்பா ஓய்வு பெற்ற வாரமே, ஒரு வங்கியில் 'எஃப்டி மாதிரிதான் சார்' என்று சொல்லி, பங்குச் சந்தையோடு சேர்ந்த காப்பீடு ஒன்றை அவர் தலையில் கட்டினார்கள். வருடா வருடம் பிரீமியம் கட்ட வேண்டும் என்பதே அடுத்த வருடம்தான் அவருக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவர் யாரிடமும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

வரிச் சட்டமும், இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் டேர்ம் பாலிசியும் புத்தகத்தில் கிடைக்கும். கேட்கத் தெரிவதைப் பழகித்தான் பெற வேண்டும். என்னிடம் ஒரு தம்பதி வந்தார்கள். கடன் உண்டா என்றேன். இல்லை என்றார் கணவர். திட்டம் போட்டுக் கொடுத்தேன். மூன்றாவது சந்திப்புக்கு அந்த அம்மா தனியாக வந்தார். தம்பி கல்யாணத்துக்காக 6 பவுனை அடகு வைத்திருக்கிறேன், வீட்டில் தெரியாது, மாதா மாதம் வட்டி கட்டுகிறேன் என்றார். எஸ்ஐபி என்ற மாதாந்திர ஃபண்ட் முதலீடு, ஓய்வுக்கால நிதி எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, நகையை மீட்பதை முதல் வரியாக எழுதினேன். கணவரிடம் எப்படிச் சொல்வது என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினோம். அந்த அம்மாவே சொன்னார். அந்த வருட போனஸில் நகை வீட்டுக்கு வந்துவிட்டது.

வணக்கம்.