வழுக்கைத் தலையில் பிறந்த சொல்

நேயர்களுக்கு வணக்கம். பேனா, காகிதம் எதுவும் வேண்டாம். அடுப்பில் பால் இருந்தால் அதைப் பார்த்துக்கொண்டே கேட்கலாம். ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அந்தச் சொல் ‘ஸ்வாட்’ (swot).

பிரிட்டனில் பேச்சுவழக்கில் புழங்கும் சொல் இது. தேர்வுக்காக விழுந்து விழுந்து படிப்பதும் ஸ்வாட். அப்படிப் படிக்கிற பிள்ளையும் ஸ்வாட். செயலைச் சொன்னால் குற்றமில்லை. ஆளைச் சொன்னால் அதில் ஓர் இளக்காரம் ஏறிக்கொள்கிறது. நம் ‘புத்தகப் புழு’வுக்குப் பக்கத்து வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்தவன் நான். இந்தச் சொல்லுக்கு ‘உருப்போடு’ என்று எழுதிய பிள்ளைகளோடு அத்தனை ஆண்டுகளும் மல்லுக்கட்டியிருக்கிறேன். உருப்போடுவது வேறு. பொருள் புரிந்தாலும் புரியாவிட்டாலும் வரி பிசகாமல் ஒப்பித்தால் போதும்; அதைத்தான் கடம் அடிப்பது என்கிறோம். ஸ்வாட்டில் மனப்பாடம் என்ற பேச்சே கிடையாது. அதில் இருப்பது வியர்வை. ஆமாம், வியர்வைக்கான ஆங்கிலச் சொல்லான ‘ஸ்வெட்’தான் வட்டார உச்சரிப்பில் திரிந்து ‘ஸ்வாட்’ ஆயிற்று.

எப்படித் திரிந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. எனக்கு மிகவும் பிடித்த கதை, கொஞ்சம் நீட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1850இல் லண்டன் வார இதழ் ஒன்றில் வாசகர் ஒருவர் இதை எழுதினார். பிரிட்டனின் ராணுவக் கல்லூரியில் மூத்த கணிதப் பேராசிரியராக இருந்த தாமஸ் லேபர்ன் வாய்மொழியாகச் சொல்லிக் கேட்டது என்று சாட்சியும் வைத்தார். அந்தக் கல்லூரியில் வில்லியம் வாலஸ் என்றொரு கணித ஆசிரியர். ஸ்காட்லாந்துக்காரர். வழுக்கைத் தலை. ஊர்ப் பேச்சு நாக்கை விட்டுப் போகாதவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கோடை நாள். பாடம் நடத்தி நடத்தி மனிதருக்கு உடம்பெல்லாம் நனைந்துவிட்டது. கைக்குட்டையை எடுத்து நெற்றியையும் தலையையும் அழுத்தித் துடைத்துக்கொண்டே, ‘இது ஆளை வியர்க்க வைக்கிறது’ என்றார். வியர்க்க என்பதற்கு அவர் நாக்கில் வந்தது ‘ஸ்வாட்’.

பையன்களுக்குக் கேட்கவா வேண்டும்! ராணுவ அதிகாரியாகப் பயிற்சி பெற வந்த பதின்ம வயதுப் பையன்கள். அன்று முதல் அவர்களுக்குக் கணிதமே ஸ்வாட். கணிதத்தில் கெட்டிக்காரன் எவனோ அவனும் ஸ்வாட். ஆக, முதலில் கணக்குப் பாடத்துக்கு மட்டுமே உரியதாக இருந்த சொல், பிறகு எல்லாப் படிப்புக்கும் பொதுவாயிற்று.

அவர்கள் சிரித்தது யாரைப் பார்த்து என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாலஸுக்குப் பெரிய பள்ளிப் படிப்பு வாய்க்கவில்லை. எடின்பரோவில் புத்தகம் கட்டும் தொழில் பழகியவர். கிடைத்த நேரத்தில் புத்தகங்களை வைத்துத் தாமாகவே கணிதம் கற்றார். 1803இல் அந்த ராணுவக் கல்லூரிக்கு வந்தார். அப்போது கல்லூரி கிரேட் மார்லோவில் இருந்தது. 1812இல்தான் சாண்ட்ஹர்ஸ்டுக்குப் போயிற்று. 1819இல் எடின்பரோ பல்கலைக்கழகத்திலேயே கணிதப் பேராசிரியர் ஆனார். எந்த ஊரில் புத்தகம் கட்டினாரோ அதே ஊரில்! படங்களைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் வரையும் கருவி ஒன்றையும் செய்தார். வியர்வை சிந்திப் படித்த மனிதரின் வாயிலிருந்துதான் அந்தச் சொல் வந்திருக்கிறது. பையன்களோ உச்சரிப்பை மட்டும் கேட்டுச் சிரித்தார்கள்.

இந்த இளக்காரம் பிரதமர் அலுவலகம் வரைக்கும் போனது. 2019 ஆகஸ்டில் பிரிட்டன் பிரதமராக இருந்த போரிஸ் ஜான்சன், நாடாளுமன்றத்தின் செப்டம்பர் கூட்டத்தைப் பற்றிக் கைப்பட எழுதிய குறிப்பில், முன்னாள் பிரதமர் டேவிட் கேமரூனை ‘பெண்பிள்ளைத்தனமான ஸ்வாட்’ என்று குறிப்பிட்டிருந்தார். குறிப்பு வெளியே வந்துவிட்டது. ஒரே வசவில் படிப்பையும் இழித்தாயிற்று, பெண்ணையும் இழித்தாயிற்று. பெண்கள் பலர் விடவில்லை. ஆமாம், நாங்கள் அப்படித்தான் என்று அதையே பட்டமாகச் சூட்டிக்கொண்டார்கள். ஜான்சன் நாடாளுமன்றத்தை முடக்கிவைத்தது செல்லாது என்று செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பை வாசித்த தலைமை நீதிபதி பிரெண்டா ஹேல், சில நாட்களில் பெண்கள் பள்ளிகளின் மாநாடு ஒன்றில் பேசியபோது, அப்படிப்பட்ட ஸ்வாட்களுக்காக ஒரு கைதட்டல் கேட்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமாம். வேகமாகச் சொல்கிறேன். தேர்வு இருந்தால்தான் இந்தச் சொல் வரும் என்றில்லை. வெளியூர்ப் பயணத்துக்கு முன் அந்த ஊரைப் பற்றித் தேடிப் படிப்பதும் அவர்களுக்கு ஸ்வாட்தான். ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் கவனம். ஒரே ஓர் உயிரெழுத்து மாறி, ‘o’ இருக்கும் இடத்தில் ‘a’ வந்தால் ஈ அடிக்கிற ‘ஸ்வாட்’ ஆகிவிடும். ஒலியில் இரண்டும் ஒன்றே. நம் ஊரில் ஈ அடிப்பது காப்பி அடிப்பவர்களுக்கு உரியது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நம்முடைய ‘திருப்புதல் தேர்வு’ என்ற அழகான பெயரைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன், அதற்குத்தான் இரண்டு பக்கம் எழுதி வந்தேன். இதோ, ஒரு விரல் ஆகிவிட்டது. வணக்கம்.